பேட்ச் போட்ட பிறகும் நினைவகத்தில் ஓடிய பழைய லைப்ரரி

லினக்ஸ் சர்வர்களில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்கான (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் குறிமுறைக் கோப்பு) பாதுகாப்புப் பேட்ச்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை நிறுவி, பதிப்பு எண்ணையும் சரிபார்த்துவிட்டதால், வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்து, வேறொரு காரணத்துக்காக திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை இயக்கியபோது, வெப் சர்வர் புராசஸ்களின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின்) வரிகளில், அந்த லைப்ரரிக் கோப்புக்கு நேரே ‘டெல்’ (DEL, நீக்கப்பட்டது) என்ற குறி நின்றது. யூனிக்ஸில் ஒரு கோப்பை நீக்கினாலும், அதைப் பயன்படுத்தும் புராசஸ் முடியும்வரை அதன் ஐநோடு, அதாவது வட்டில் அக்கோப்பைக் குறிக்கும் பதிவு, அழியாது. ஆகவே பேட்ச் பழைய கோப்பை நீக்கி வட்டில் புதிய லைப்ரரியை வைத்திருந்தும், நினைவகத்தில் ஓட்டையுள்ள பழையதே ஓடிக்கொண்டிருந்தது. மற்ற புராசஸ்களைத் தொடங்கிவைக்கும் தாய் புராசஸ் அப்படியே நீடித்ததால், அமைப்புகளை மட்டும் மீண்டும் படிக்கவைக்கும் ரீலோடு போதவில்லை. சர்வீஸை முழுவதுமாக நிறுத்தித் தொடங்கிய பிறகே அந்தக் குறி மறைந்தது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பேட்ச்சுக்கு ரீபூட் வேண்டும் என்பது எங்களுக்கு மறப்பதில்லை, லைப்ரரியைத்தான் மறந்துவிடுகிறோம். இப்போது அந்தக் கட்டளையின் வெளியீட்டைப் பார்க்காமல் எந்தப் பேட்ச் பணியையும் நான் முடித்துவைப்பதில்லை.