விலை குறைந்த பேஸ் கிட்டாரா? முதலில் நெக்கைப் பாருங்கள்

20,000 ரூபாய் பக்கம் ஒரு பேஸ் தேடும்போது கண் நேராகப் போவது நிறத்துக்கும் மேலே ஒட்டியிருக்கும் அழகான மரத்தோலுக்கும்தான். என் முதல் பேஸை நானும் அப்படித்தான் வாங்கினேன். சில மாதத்தில் நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) வளைந்து கம்பிகள் தூக்கிக்கொண்டன, சரி, நிமிர்த்திக்கொள்ளலாம் என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், அந்த இழுவை முழுவதையும் தாங்குவது நெக். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி), நட் (தலைப்பக்கம் கம்பிகள் அமரும் சிறு பட்டை), டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நெக் கெட்டால் அதை மாற்றும் செலவில் இன்னொரு பேஸே வந்துவிடும்.

அதனால் கடையில் முதல் வேலை, பேஸைக் கண்ணருகே பிடித்து நெக் நெடுக ஒரு பார்வை. நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகள் தண்டவாளக் கட்டைகள் மாதிரி ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும், ஒரு முனை ஒரு பக்கம் சாய்ந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அடுத்து தடித்த ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7, 8வது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமா என்று பாருங்கள். அந்த அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல இருந்தால் நல்லது. இடைவெளி கூடவோ குறையவோ இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை, டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நெக் அசைந்து கொடுத்தால் போதும். திருப்பவே மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

அப்புறம் ஆம்பில் மாட்டாமலேயே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் வாசியுங்கள், பொறுமை வேண்டும், ஆனால் இதைத் தவிர்க்காதீர்கள். எல்லா இடத்திலும் லேசாக உரசினால் செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு ஆகியவற்றைச் சரிசெய்வது) பிரச்சினை, சரியாகிவிடும். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் கிர்ரென்றால் அந்த ஃபிரெட் தாழ்ந்திருக்கிறது, அல்லது உடம்புப் பக்கம் அதற்கு அடுத்தது மேலே எழும்பியிருக்கிறது. ஜி கம்பியில் 5 முதல் 7 வரை ஏதோ ஓர் இடத்தில் சுரம் சட்டென்று அடங்குவது விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஃபிரெட் முனைகள் விரலைக் கீறினால் அரத்தால் தேய்த்துவிடலாம், ஏசி அறையில் மரம் சுருங்குவதாலும் அப்படி ஆகும்.

12வது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று சுரம் காட்டும் டியூனர் கருவியில் பாருங்கள். விலகியிருந்தால் உடம்பில் கம்பிகள் பூட்டியிருக்கும் பிரிட்ஜில், கம்பி உட்காரும் சேடிலை நகர்த்திச் சேர்க்கலாம், ஆனால் சேடில் ஏற்கெனவே கோடியில் போய் நிற்கிறதென்றால் யோசியுங்கள்.

மின்சாரப் பகுதியில் அதிகம் மெனக்கெட வேண்டாம். பொத்தான்களைத் திருப்பும்போது கரகரப்பு, ஜாக் ஆடுவது, இவ்வளவுதான். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் இரைச்சல் வரும், அதுவும் பழுது கிடையாது. ஆக்டிவ் பேஸ், அதாவது உள்ளே பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ளது என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் கடையில் கிடப்பதில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

மரத்தின் பெயருக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். ஃபெண்டர் நிறுவனம் 1951ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் நெக்கே உடம்போடு திருகால் பூட்டியதுதான், செய்வதற்கு எளிது, அதனால்தான் இன்று ஸ்கொயர், யமஹா, ஐபனெஸ் போன்றவர்களின் மலிவு மாடல்களிலும் உருப்படியான கருவி கிடைக்கிறது. ஒரே மாடலில் இரண்டு, மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வாசியுங்கள், ஒன்று கட்டாயம் மற்றதைவிட நன்றாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் கீறல் இருந்தால் விலை குறையும், வாங்குகிறவருக்கு அது லாபம். கடைசியாக, ஸ்ட்ராப்பை மாட்டி இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் கீழே சரிந்தால் இடது கை அதைத் தாங்கியபடியேதான் ஒவ்வொரு பாட்டும் வாசிக்க வேண்டியிருக்கும்.