சுனௌலி தாண்டினால் யுபிஐ எப்படி: நேபாளத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

முக்திநாத், லும்பினி போகிற நம்ம ஆட்கள் நிறையப் பேர் கோரக்பூரில் இறங்கி, எல்லை ஊரான சுனௌலி வழியாகத்தான் நேபாளத்துக்குள் நுழைகிறார்கள். அந்தப் பக்கம் பைரவாவில் டீக்கடை, துணிக்கடையில் கூட நம் யுபிஐ ஆப்பிலேயே காசு கொடுக்கலாம். 2024 மார்ச்சில் வந்த வசதி. அங்கே இதை நடத்துவது ஃபோன்பே என்ற நேபாள நிறுவனம். நம்ம ஊர் போன்பேயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

முதல் வேலையைக் கோரக்பூரிலேயே முடித்துவிடுங்கள். ஆப்பின் செட்டிங்கில் 'யுபிஐ இன்டர்நேஷனல்' என்று இருக்கும், உங்கள் வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, பின் நம்பர் போட்டு அதை ஆன் செய்யுங்கள். சில வங்கிகளில் இது கிடையாது, அதனால் ஊரிலேயே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நெட். ரோமிங் பேக் போடலாம், அல்லது இரண்டாவது ஸ்லாட்டில் நேபாள சிம், அல்லது ஹோட்டல் வைஃபை. எதுவானாலும் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள், ஆப் அதை நம்பித்தான் ஓடுகிறது.

இனி கடை. ஸ்கேன் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி: "ஐசியா, என்சியா?" ஐசி இந்திய ரூபாய், என்சி நேபாள ரூபாய், எல்லைக் கடைக்காரர்கள் இரண்டிலும் விலை சொல்வார்கள். நம் 1 ரூபாய்க்கு அவர்களின் 1.60, இது 1993 முதல் மாறவே இல்லை. சால்வை 800 என்சி என்றால் நமக்கு 500 ரூபாய்தான். அதே 800 ஐசி என்றால் அவர் கணக்கில் 1,280 என்சி. ஆப்பில் அடிக்க வேண்டியது நேபாள ரூபாயில். நம் ரூபாயில் எவ்வளவு கழியும், கட்டணம் என்ன என்று திரையில் வரும், அதைப் பார்த்த பிறகே பின் நம்பர்.

இன்னொன்று, சில கடைக்காரர்கள் எல்லைக்கு இந்தியப் பக்கம் உள்ள சொந்தக்காரர் கணக்கின் க்யூஆரை நீட்டலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீனப் பயணிகள் இப்படித்தான் அலிபே, வீசாட்பே என்ற சீன ஆப்களில் கொடுத்த பணம் நேபாளத்துக்குள் வராமலே போக, 2019இல் அந்நாட்டு மத்திய வங்கி அந்த இரண்டையும் தடை செய்தது. கடையின் பெயரில் உள்ள க்யூஆர் மட்டும் போதும்.

ரிக்‌ஷாவுக்கு? 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லைப் பக்கம் சரளமாக வாங்குகிறார்கள்.