கவசத் தகட்டின் சுத்தியல் தடத்தை ஏர் ஹேமரில் எடுப்பது எப்படி?

கும்பகோணம் வட்டாரத்தில் கவசம் என்றால் போர்வீரன் போட்டுக்கொள்வது யாருக்கும் நினைவுக்கு வராது. சாமிக்குச் சாத்துவதுதான் வரும். பக்கத்தில் சுவாமிமலையில் நடப்பது வார்ப்பு வேலை: மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். கவசம் அப்படியல்ல, தகட்டை அடித்து அடித்தே உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடித்து முடித்த தகடு அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். அந்தத் தடங்களைக் கைச்சுத்தியலால் தட்டி எடுப்பது நாள்கணக்கில் இழுக்கிற வேலை. காற்றில் ஓடும் பிளானிஷிங் ஹேமர் அதைத்தான் சுருக்கித் தருகிறது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த ஹேமர் உருவம் கொடுக்காது. கோணலான தகட்டை இதில் விட்டால் வழுவழுப்பான கோணல்தான் கிடைக்கும்.

என்னென்ன வேண்டும்

கொக்கி போல் வளைந்த கனமான இரும்புச் சட்டம், அதன் மேல்முனையில் ஏர் ஹேமர், கீழ்முனையில் டை நிற்கிற தண்டு, காலால் மிதிக்கிற பெடல். டை என்பது தகட்டை மேலும் கீழும் தொடுகிற இரும்பு முகம், ஹேமரில் ஒன்று, தண்டில் ஒன்று. இதுதான் மெஷின். 2 அல்லது 3 ஹெச்.பி. கம்ப்ரஸர், 100 லிட்டருக்குக் குறையாத டேங்க் இருந்தால் நிற்காமல் வேலை செய்யலாம். நடுவில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரும் தண்ணீர் பிரிப்பானும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். தினமும் காலையில் டேங்கின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடிக்காவிட்டால் ஹேமரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்கள்.

காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. சத்தம் வெளியே கேட்பதைவிடப் பக்கத்தில் நிற்பவருக்குப் பல மடங்கு. கை அதிர்வும் உண்டு, அரைமணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

பழக 20 கேஜ் செப்புத் தகடு போதும், கனம் 0.9 மி.மீ. 20 செ.மீ. வட்டமாக ஒரு துண்டு வெட்டினால் 250 கிராம் சொச்சம் வரும். அதை மணல் மூட்டையில் வைத்து, மரச்சுத்தியலால் ஆழமில்லாத கிண்ணமாக அடித்துக்கொள்ளுங்கள். நேரடியாக வெள்ளியில் கை வைக்க வேண்டாம்.

முதலில் தகட்டைத் தயார் செய்தல்

அடிபட்ட செம்பு இறுகிப்போயிருக்கும். கேஸ் டார்ச்சில் சீராகக் காய்ச்சி, மங்கிய சிவப்பு வந்ததும் தண்ணீரில் போடுங்கள். எஃகு போலச் செம்பு தண்ணீரில் இறுகாது, காய்ச்சியதில் வந்த இளக்கம் அப்படியே இருக்கும். முற்றத்து வெயிலில் காய்ச்சாதீர்கள். வெயிலில் சிவப்பு தெரியாது, தெரிகிறபோது சூடு அதிகமாகியிருக்கும். நிழலான மூலையில் செய்யுங்கள்.

பிறகு கரியைப் போக்க வேண்டும். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் சின்னத் துண்டுக்குப் போதும். நீர்த்த கந்தக அமிலம் என்றால், தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். ஒரு கரித்துணுக்கோ மணலோ ஒட்டியிருந்தால் ஹேமர் அதை அப்படியே தகட்டுக்குள் பதித்துவிடும்.

பெரிய பள்ளங்களை இப்போதே எடுத்துவிடுங்கள். வெளிப்புறத்தில் தட்டையான அரத்தை லேசாக ஓட்டினால் மேடு பளிச்சிடும், பள்ளம் மங்கியே இருக்கும். அந்த இடங்களை உள்ளிருந்து கைச்சுத்தியலால் மெல்லத் தூக்குங்கள்.

டை தேர்வு: பாதி வேலை இங்கேதான்

மேல் டை தட்டையாக, ஓரம் மட்டும் மழுங்கலாக இருக்க வேண்டும். கீழ் டை குவிந்தது. தகட்டின் குழிந்த பக்கம் கீழ் டையின் மேல் உட்கார வேண்டும், வெளிமுகம் மேலே.

கீழ் டையின் வளைவு, தகட்டின் உள்வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். கையில் உள்ள டைகளை ஒவ்வொன்றாகத் தகட்டுக்குள் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு, சுற்றிலும் மெல்லிய இடைவெளி தெரிந்தால் அதுதான் சரி. ஓரம் தொட்டு நடுவில் இடைவெளி இருந்தால் டை தட்டை. அதில் அடித்தால் டையின் விளிம்பு உள்ளிருந்து வளையமாகப் பதியும், மார்பின் குவிவும் தட்டையாகும். ரொம்பக் குவிந்த டை என்றால் ஒவ்வோர் அடியும் தகட்டைச் சின்னச் சின்ன மேடாக நீட்டி, பலாத்தோல் மாதிரி ஆக்கும். ஒரு கவசத்துக்கே தோள், மார்பு, வயிறு என மூன்று டை மாற்ற வேண்டிவரும். சோம்பல்பட்டு ஒரே டையில் முடிக்கப் பார்ப்பவர்களே அதிகம்.

இரண்டு டையும் கண்ணாடி போல் பாலிஷாக இருக்கட்டும். டையில் ஒரு கீறல், தகட்டில் ஆயிரம் கீறல்.

அடிக்கும் முறை

ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்குங்கள். செம்புக்கு 40 போதும், 1.2 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு 50, 60 வரை போகலாம். ஹேமர் 90 தாங்கும் என்பதற்காக 90 வைக்கக் கூடாது. இரண்டு டைகளுக்கும் நடுவில் தகட்டின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி விடுங்கள். தகடு இல்லாமல் பெடலை மிதிக்காதீர்கள், டை முகம் கெட்டுவிடும்.

வெளிமுகத்தில் மார்க்கரால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அடி விழுந்த இடத்தில் மை கலையும், எங்கே போனோம் என்று தெரியும். தகட்டைக் கீழ் டையில் லேசாகச் சாய விடுங்கள், அமுக்க வேண்டாம். பெடலை மிதிக்கும் முன்பே கை நகர ஆரம்பித்திருக்க வேண்டும், நிறுத்தும்போது பெடல் நின்ற பிறகே கை நிற்க வேண்டும். கோலத்தில் இழை போடுவது போல ஒரே வேகத்தில், ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பாதி மூடும்படி ஓட்டுங்கள். முழுதும் ஒருமுறை முடிந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு முறை.

ஒரே இடத்தில் கை நின்றால் அங்கே உலோகம் நீளும். நீண்டது போக வழியில்லாமல் உப்பும். ஓரத்தில் 10 மி.மீ. விட்டுவிட்டே அடியுங்கள். ஓரம் நீண்டால் அப்பளம் மாதிரி நெளியும், அதைச் சுருக்கித் திரும்பக் கொண்டுவருவது தொடக்கக்காரர் வேலையல்ல.

அடிக்கடி நிறுத்தித் தடவிப் பாருங்கள். வெறுங்கையைவிட மெல்லிய பருத்தித் துணி இடையில் இருந்தால் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். டியூப்லைட்டின் பிம்பம் தகட்டில் எங்கே உடைகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

கோளாறும் காரணமும்

பிறை வடிவத் தடம் விழுந்தால் தகடு சாய்ந்து, மேல் டையின் ஓரம் பட்டிருக்கிறது. நடுப்பகுதி அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால், அங்கே நீண்டுவிட்டது, சுற்றிலும் இறுக்கம் என்று பொருள். மறுபடி அங்கேயே அடித்தால் மோசமாகும். சுற்றியுள்ள வளையத்தை லேசாக அடித்துத் தளர்த்துங்கள்.

சத்தம் கணீரென்று மாறி, எவ்வளவு அடித்தும் தடம் மறையாவிட்டால் தகடு இறுகிவிட்டது. மறுபடி காய்ச்சுங்கள். பித்தளையில் இதைத் தள்ளிப்போட்டால் விரிசல்தான். பித்தளையைச் சூட்டோடு அடிக்கவும் கூடாது, நொறுங்கும்.

பித்தளைக்கு இன்னொரு எதிரி மாட்டுக்கொட்டகை. அடிபட்ட பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும் மழை ஈரமும் சேர்ந்தால் யாரும் தொடாமலே அது வெடிக்கும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் குதிரை லாயத்தருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடித்தன. முடித்த கவசத்தை 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் இழுவிசை பெரும்பாலும் போய்விடும், உறுதியும் குறையாது.

நகாசும் பாலிஷும்

பூவேலை வரப்போகிற இடம் என்றால் ஹேமர் முடிந்ததும் ஒருமுறை காய்ச்சிவிட்டு அரக்கில் பதியுங்கள். நகாசு முடிந்த இடத்தை இந்த மெஷினுக்குக் காட்டவே கூடாது, பூ நசுங்கிவிடும். வெற்று இடங்களுக்கு 400, 600, 800 நம்பர் எமரித் தாள், அப்புறம் பஃப் என்கிற துணிச் சக்கரத்தில் பாலிஷ்.

வெள்ளி என்றால் எமரிக்கு முன்னும் பின்னும் எடை போட்டு எழுதிவையுங்கள். ஹேமரில் எடை குறையாது, எமரியில்தான் குறையும். கீழே வெள்ளைத் துணி விரித்து, விழுகிற தூளையும் தேய்ந்த எமரித் தாளையும் ஒரே டப்பாவில் போட்டு, கவசத்தோடு சேர்த்தே கோயிலில் ஒப்படையுங்கள்.