'குட்டி எடுக்கக் கூடாது' என்ற நிபந்தனை: நாய் வாங்கியவருக்கும் பிரீடருக்கும் இடையே வரும் தகராறைத் தவிர்ப்பதும் தீர்ப்பதும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனக் குட்டிகளை விற்கும் பிரீடர்களில் சிலர், விலை பேசும்போதே "இதை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது" என்றோ, "தலையீற்றில் ஒரு குட்டி எனக்கு" என்றோ நிபந்தனை வைக்கிறார்கள். வாங்குபவரும் குட்டியைக் கையில் வாங்கும் மகிழ்ச்சியில் தலையாட்டிவிடுகிறார். ஒன்றரை ஆண்டு கழித்து நாய் பருவத்துக்கு வந்த பிறகுதான் யார் என்ன சொன்னார்கள் என்ற பேச்சு தொடங்குகிறது. இந்த நிபந்தனை பல நேரங்களில் நியாயமானது என்பதே என் கருத்து. குறையுள்ள நாயிலிருந்து குட்டிகள் பெருகக் கூடாது என்று நினைக்கும் பிரீடர் நல்ல பிரீடர்தான். ஆனால் அவர் அதை வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடும்போது, கடைசியில் துன்பப்படுவது அந்தப் பெண் நாய்.

எந்தத் தடை என்று முதலில் பிரித்தறியுங்கள்

ஒரு தடை சட்டத்திலிருந்து வரலாம், கென்னல் கிளப்பின் பதிவு முறையிலிருந்து வரலாம், இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்தும் வரலாம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் நீள்கின்றன.

சட்டத்தின் தடையை யாரும் பேசித் தளர்த்த முடியாது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பெண் நாய்க்கு 18 மாதம் நிறைவதற்கு முன்பும், எட்டு வயதுக்குப் பிறகும் இனச்சேர்க்கை செய்விக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் குட்டி எடுக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயை, உரிமம் பெற்ற இன்னொரு பிரீடருக்கு அல்லாமல் வேறு யாருக்கும் கருத்தடை செய்யாமல் விற்கக் கூடாது. குட்டிகளை எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், வீட்டில் ஒரே ஒரு நாய் வைத்துக்கொண்டு குட்டி எடுத்து விற்க நினைப்பவரும் இந்த விதியைப் படித்தாக வேண்டும். "ஒவ்வொரு பருவத்திலும் குட்டி எடுத்து எனக்குப் பங்கு தர வேண்டும்" என்று ஒரு பிரீடர் எழுதி வாங்கியிருந்தால், அது விதிக்கு முரணானது. சட்டத்துக்கு மாறான நோக்கமுள்ள ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது.

கிளப்பின் தடை பதிவோடு நின்றுவிடும். பிரிட்டனின் கென்னல் கிளப்பில், 'இதன் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாது' என்ற குறிப்பைப் பிரீடர் நாயின் பதிவில் சேர்க்கலாம். ஆனால் நாயை ஒப்படைக்கும் நாளிலோ அதற்கு முன்போ வாங்குபவர் அதை அறிந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. அமெரிக்க கென்னல் கிளப்பிலும், குட்டிகளைப் பதிவு செய்ய இடம்தராத 'வரையறுக்கப்பட்ட பதிவு' என்ற ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு: பிரீடர் கேசிஐ சான்றிதழை, அதாவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழை, தன்னிடமே வைத்துக்கொள்கிறார் அல்லது உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட மறுக்கிறார். அந்தச் சான்றிதழ் நாயின் வம்சத்துக்கான பதிவே தவிர, நாயின் மீதான சொத்துரிமையை அதுவே தீர்மானித்துவிடாது. பணம் கொடுத்த ரசீது, மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை, இருவருக்கும் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேர்ந்தே உரிமையைக் காட்டும்.

வாங்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே. ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். ஆகவே பணம் கைமாறுவதற்கு முன், இருவருக்கும் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள். "இனப்பெருக்கத் தடை உண்டு" என்று மட்டும் எழுதினால் போதாது. தடை எதற்காக, எப்போது நீங்கும், மீறினால் என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

"இந்தப் பெண் நாய்க்கு 24 மாதம் நிறைந்த பின் எடுக்கப்படும் இடுப்பு எக்ஸ்ரேயில் மூட்டுக் கோளாறு இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுத்தில் தந்தால், விற்பவர் முப்பது நாளுக்குள் தடையை எழுத்து மூலம் நீக்கிச் சான்றிதழை மாற்றித் தருவார். கருப்பையில் சீழ் பிடித்தல் போன்ற நோய்க்காகக் கருப்பையை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறினால், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிப்பது உண்டு. அறுவை தாமதமானால் உயிர் போகும். "எனக்குக் குட்டி தர வேண்டிய நாயை ஏன் அறுவை செய்தாய்" என்று பிரீடர் கேட்பாரோ என்று தயங்கும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது. அதேபோல, "ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தே தீர வேண்டும்" என்ற வரியையும் அப்படியே ஏற்காதீர்கள். பெரிய உடல்வாகு கொண்ட இனங்களில் மிக இளவயதுக் கருத்தடை மூட்டுக் கோளாறுக்கான வாய்ப்பைக் கூட்டலாம். "மருத்துவர் குறிக்கும் வயதில்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

மீறலுக்கான தொகையை எழுதும்போது பிரீடர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். "குட்டிக்கு ஒரு லட்சம்" என்று அச்சுறுத்தும் தொகையை எழுதினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அந்தத் தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டையே வழங்கும். நாயின் விலையோடு பொருந்தும் தொகையை எழுதுவதே பயன்படும்.

கூட்டு உரிமை என்ற ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆட்டை வாரத்துக்கு விடுவது போல, விலையைக் குறைத்துக்கொண்டு, நாயை ஒருவர் வளர்க்க, ஈற்றில் இருவரும் பங்கிடும் முறை இது. தீனி, மருத்துவம், பிரசவத்தில் அறுவை தேவைப்பட்டால் அதன் செலவு, தாய் இறந்தால் யாருக்கு இழப்பு என்பவற்றை எழுதாமல் இதில் இறங்கினால் நட்பும் போகும், நாயும் படாத பாடு படும். ஏற்கெனவே இறங்கிவிட்டவர்கள், எத்தனை ஈற்றோடு கூட்டு முடிகிறது என்பதையாவது இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தகராறு வந்த பிறகு

பெண் நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வழக்கு இந்த வேகத்தில் நகராது. ஆகவே முதல் வேலையாக, முடிவு தெரியும் வரை இனச்சேர்க்கையும் செய்விப்பதில்லை, மருத்துவக் காரணமின்றிக் கருத்தடையும் செய்விப்பதில்லை என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். நாய் இப்போது எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். சொல்லாமல் வந்து நாயைத் தூக்கிச் சென்றால், உரிமைத் தகராறாக இருந்த விஷயம் திருட்டுப் புகாராக மாறும்.

அடுத்து, உரையாடல்களை அழிக்காமல் அந்தத் தொலைபேசியையே பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று தேவைப்படும். பிறகு, என்ன உறுதி தரப்பட்டது, எது மீறப்பட்டது, என்ன கேட்கிறீர்கள் என்று குறிப்பிட்டு விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் வசிப்பவர் வில்லியனூரில் ஒருவரிடம் குட்டி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பயணம் குறைவுதான், ஆனால் இடையில் மாநில எல்லை இருக்கிறது. பிரீடரின் பதிவு பற்றிய புகார் புதுச்சேரி நிர்வாகத்துக்குச் செல்ல வேண்டும். நுகர்வோர் புகாரையோ, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் வசதியால், வாங்கியவர் தாம் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே அளிக்கலாம். பணம் வாங்கிய பிறகு தடையைச் சொன்னது, தருவதாகச் சொன்ன சான்றிதழைத் தராதது போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். குட்டி எடுத்து விற்கும் வணிக நோக்கத்துக்காகவே நாயை வாங்கியிருந்தால், நீங்கள் நுகர்வோரே அல்ல என்ற வாதம் எழும். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும். பிரீடர் தம் தரப்பில் நடவடிக்கை எடுக்க உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு மூன்று ஆண்டு கால வரம்பு உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள் என்றே சொல்வேன். வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய நிலையிலும் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

நாய் ஏற்கெனவே சினையாகிவிட்டது என்றால், தடையை மீறியது யார் என்ற வாதத்தை ஒதுக்கிவைத்து முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இரு ஊராருக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. குட்டிகளை எப்படியும் எட்டு வாரத்துக்கு முன் விற்க முடியாது என்பதால், சினைக்காலத்தில் எஞ்சியிருக்கும் நாட்களும் அந்த எட்டு வாரமும் பேசி முடிக்கப் போதும். குட்டிகளுக்குப் பதிவு உண்டா இல்லையா, யாருக்கு எத்தனை குட்டி, அதுவரை ஆகும் தடுப்பூசி, தீனிச் செலவு யாருடையது, இதற்குப் பின் தாய்க்குக் கருத்தடை செய்யப்படுமா என்ற நான்கையும் எழுதி, அதை லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே பிறக்கும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது. அதன் மீது மேல்முறையீடு இல்லை.