அசைலம் கேஸ்: முகாம்காரர்கள் எங்கே இடறுகிறார்கள்

தமிழ்நாட்டு இலங்கை அகதி முகாமில், கும்மிடிப்பூண்டி மாதிரி இடத்தில், இருந்துகொண்டு அமெரிக்காவிடமோ பிரிட்டனிடமோ அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்க முடியாது. அந்த நாட்டு மண்ணிலோ எல்லையிலோ நின்றுதான் கேட்க வேண்டும். ‘அசைலம் விசா’ என்று ஒன்று கிடையவே கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கேரளத்து முனம்பத்தில் 2019 ஜனவரியில் வெளிநாடு போகப் படகேறியவர்களின் வீடுகளுக்கு வருடக்கணக்கில் தகவலே வரவில்லை. விசா இல்லாமல் படகில் வருகிறவர்களைக் குடியமர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலியா 2013 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது.

முறையாகப் போய்ச் சேர்ந்தவர்கள் முதலில் கெடுவைப் பாருங்கள். அமெரிக்காவில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 என்ற அசைலம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் விதிவிலக்குகள் மிகக் குறைவு.

வாக்குமூலத்தில்தான் பெரும்பாலான கேஸ் விழுகிறது. 30 வருடம் தமிழ்நாட்டில் வாழ்ந்திருந்தாலும், நீங்கள் இலங்கைக் குடிமகன் என்றால், இலங்கைக்குத் திரும்பினால் இன்று என்ன ஆபத்து என்பதே கேள்வி. 1990-இல் சண்டை, ஓடிவந்தோம் என்று எழுதினால், போர் 2009-இல் முடிந்துவிட்டதே என்பார்கள் அதிகாரிகள். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு: இந்த ஐந்தில் எதனால் ஆபத்து என்று 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தப்படி காட்ட வேண்டும். வீட்டில் யார் காணாமல்போனார், யாரைத் தேடி யார் வந்தார்கள், கடைசியாக எப்போது வந்தார்கள் என்று எழுதுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், பயப்படுகிற அரசிடமே ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பதிலை முன்னமே எழுதிவிடுங்கள்.

அடுத்து, ‘இந்தியாவிலேயே இருக்கலாமே?’ என்பார்கள். இந்தியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. முகாம் பதிவு நிரந்தர உரிமை ஆகாது. முகாம் அடையாள அட்டை நகலும் எக்ஸிட் பர்மிட் (இந்தியாவைவிட்டு வெளியேறும் அனுமதி) நகலும் இதைக் காட்டத்தான். முகாமில் பிறந்தவர்கள் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழோடு, சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தார்களா என்பதையும் சொல்ல வேண்டும்.

தேதியில் கவனம். 05/07/1990 நமக்கு ஜூலை 5, அமெரிக்காவில் மே 7. மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். இனிஷியல், வயது, ஊர்ப்பெயர் முகாம் அட்டையில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் வேறொன்றுமாக இருந்தால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஏர்போர்ட்டில் சொன்னதையும் பிறகு சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

‘கேஸ் எழுதித் தருகிறோம்’ என்பவர்களிடம் போக வேண்டாம். ஒரே கதையைப் பலருக்கும் விற்கிறார்கள்; மாட்டினால் உங்கள் நிஜக் கதையையும் நம்பமாட்டார்கள்.

தமிழ்த் தாள்களுக்கு முழு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் கையெழுத்தும் வேண்டும். நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். நினைவில்லாத தேதியை ஊகித்துச் சொல்லாமல் ‘நினைவில்லை’ என்று சொல்லலாம். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். நேர்காணலுக்கு வருடங்கள்கூட ஆகும், முந்தின நாள் அதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.