காரில் சின்னக் கீறலா? முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்

கீறலைப் பார்த்ததும் பாலிஷை எடுத்துத் தேய்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆழம் தெரியாமல் தேய்த்தால், எளிதாகப் போகவேண்டிய கீறலும் பெரிய வேலையாகிவிடும்.

காரின் தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்பான கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). தேய்க்கத் தேய்க்க அது குறையும். குறைந்தது திரும்ப வளராது.

முதலில் கார் ஷாம்பு போட்டு அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணே புதுக் கீறல் போட்டுவிடும். ஈரமாக இருக்கும்போதே கவனியுங்கள்: தண்ணீர் பட்டதும் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. காய்ந்ததும் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டாவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட் (மேற்பரப்பை நைசாகத் தேய்த்துச் சமன் செய்யும் பசை) போதும். மாட்டினால், அல்லது உள்ளே வேறு நிறமோ உலோகமோ தெரிந்தால், பெயிண்ட் வைக்க வேண்டும்.

மேலோட்டமான கீறலுக்கு காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு சூடாக இருந்தால் காம்பவுண்ட் உடனே காய்ந்துவிடும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து, கீறலைச் சுற்றி ஒரு கையகல இடத்தில் மட்டும் மிதமாக அழுத்தித் தேயுங்கள். பத்துப் பதினைந்து முறை தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். முக்கால்வாசி மறைந்தாலே நான் நிறுத்திவிடுவேன். கதவு ஓரம், மடிப்பு மாதிரி இடங்களில் பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் பாலிஷ், மெழுகு. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் காரில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, அந்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

ஆழமான கீறலுக்கு உங்கள் காரின் நிறக் குறியீடு (கலர் கோடு) வேண்டும். பல கார்களில் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள். கீறலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். துரு இருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. உலோகம் தெரிந்தால் முதலில் பிரைமர். பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். பல்குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் பெயிண்டை விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் கிளியர் கோட்.

மெட்டாலிக் நிறமென்றால் கிட்டப் போய்ப் பார்த்தால் தடம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஆனால் தகட்டுக்குள் தண்ணீர் இறங்காது, துரு பிடிக்காது. ஒரு வாரம் கழித்து லேசாக காம்பவுண்ட் போட்டுச் சமன் செய்யலாம். மெழுகு மட்டும் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.