படித்தது நிற்கவில்லையா? புத்தகத்தை மூடுங்கள்

போட்டித் தேர்வுக்குப் படித்தது மறுநாளே நழுவுவதை ஒரே மாற்றத்தால் சரிசெய்தேன்: திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டுப் பார்க்காமல் எழுதினேன்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகியவையாகத் தோன்றும். அதையே ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறோம். தேர்வு அறையில் வரி கண்முன் இருக்காது, உள்ளிருந்து எடுக்க வேண்டும். எடுப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

இந்தப் பயிற்சிக்குக் கேள்வி-பதில் அட்டைகள் செய்துகொண்டேன். அட்டையின் முன்பக்கம் ஒரே கேள்வி: ‘அரசியலமைப்பில் பண மசோதாவுக்கு விளக்கம் தரும் பிரிவு?’ பின்பக்கம் ‘110’. ஓர் அட்டையில் ஐந்து விஷயங்களைத் திணித்தால், நான்கு வந்ததுமே ஐந்தாவதை விட்டுவிட்டுப் புரட்டிவிடுவோம். புரட்டும் முன் விடையை எழுதியே ஆக வேண்டும். மனசுக்குள் ‘தெரியும்ல’ என்று புரட்டினால் அது பழைய வாசிப்புதான்.

அதே அட்டையை மீண்டும் எடுத்துப் பார்க்க 1, 3, 7, 15 நாள் இடைவெளி எனக்குச் சரிவந்தது. கொஞ்சம் திணறி விடை வந்தால் இடைவெளி பொருத்தம். சட்டென்று வந்தால் இன்னும் தள்ளிப்போடலாம். தவறிய அட்டை மறுநாள் வரிசைக்கே திரும்பும். இரவுத் தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், பகலில் படித்தது உறுதிப்படுவது அப்போதுதான்.